அரசருக்கு எழுதிய கை

நகராட்சியிலிருந்து வந்த கடிதத்தை என் மனைவி வெர்னா மூன்று முறை படித்தாள். மூன்றாவது முறை முடித்ததும் என்னைக் கூப்பிட்டு எதிரே உட்காரச் சொன்னாள். நான் அப்போதுதான் ஆலையிலிருந்து வந்திருந்தேன். கரும்பு ரயில் ஓட்டுகிறவனுக்கு அரவைக் காலத்தில் உடம்பெல்லாம் கரியும் பாகு வாசனையும்தான். குளித்துவிட்டு வருகிறேன் என்றேன். அப்புறம் குளிக்கலாம், முதலில் இதைக் கேள் என்றாள்.

ஆகஸ்ட் இருபத்தைந்து எங்கள் தீவு மக்களின் நாள். அன்றைக்கு ஆற்றோரப் பூங்காவில் ஒரு நினைவுக் கல் நடப் போகிறார்கள். நாங்கள் பதினொரு ஆண்டாகக் கேட்டுக்கொண்டிருந்த கல். அதில் செதுக்கப் போகிற வாசகத்தையும் அனுப்பியிருந்தார்கள். நான்காவது வரி இப்படி இருந்தது: தீவு மக்களின் சார்பில் 1906இல் அரசருக்கு அனுப்பப்பட்ட மனுவை வணக்கத்துக்குரிய ஹாஸ்லம் பாதிரியார் இயற்றினார்.

“நம்ம கல்லுல அந்த ஆளு பேரு எதுக்கு லெஸ்?” என்றாள் வெர்னா.

எங்கள் ஊர் பெல்மூரில் எங்களைப் போன்றவர்கள் எண்பது குடும்பம் இருப்போம். எங்கள் பாட்டன் பூட்டன்களைப் பசிபிக் தீவுகளிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்து ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துக் கரும்புத் தோட்டங்களில் இறக்கினார்கள். சிலரை ஆசை காட்டி, சிலரை ஏமாற்றி, சிலரைப் பிடித்தே. நாற்பது ஆண்டு அவர்கள் கரும்பு வெட்டியபிறகு, இது வெள்ளையர் நாடு, 1906 முடிந்ததும் நீங்கள் எல்லாரும் கிளம்ப வேண்டும் என்று சட்டம் வந்தது. இங்கேயே கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, செத்தவர்களைப் புதைத்தும் விட்டவர்கள் எங்கே போவார்கள்? அப்போதுதான் எங்கள் ஆற்றுப் பக்கத்து ஆட்கள் பிரிட்டிஷ் அரசருக்கே ஒரு மனு எழுதினார்கள். கடைசியில் விதி கொஞ்சம் தளர்ந்தது. இருபது ஆண்டுக்கு மேல் இங்கே இருந்தவர்களும் இன்னும் சிலரும் தங்கலாம் என்றார்கள். பல ஊர்களிலிருந்து போன பல குரல்களால் தளர்ந்தது. அதில் எங்கள் குரலும் ஒன்று. அதனால்தான் நான் இன்றைக்கு இங்கே உட்கார்ந்து இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்த மனுவை எழுதியவர் தன் பூட்டன் ஜோ டோங்கோவா என்பது வெர்னா வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அவள் அப்பா சொன்னார், அவருக்கு அவர் அப்பா சொன்னார். டோங்கோவா என்பது அவர் வந்த தீவின் பெயர். அப்படித்தான் எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்குக் குடும்பப்பெயர் வந்தது.

அந்த வாரமே தீவு மக்கள் சங்கத்தின் கூட்டம். வெர்னா எழுந்து வாசகத்தை மாற்றச் சொல்ல வேண்டும் என்றாள், ஜோ டோங்கோவாவின் பெயரைப் போட வேண்டும் என்றும் சொன்னாள். சங்கச் செயலாளர் டல்சி எப்பி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். பள்ளிக்கூடத்துச் சிற்றுண்டிக் கடையை இருபது ஆண்டாக நடத்துகிறவள். பிள்ளைகளை மட்டுமல்ல, ஆசிரியர்களையும் வரிசையில் நிற்க வைக்கிறவள். எப்பி குடும்பத்துக்கும் டோங்கோவா குடும்பத்துக்கும் ஆகாது. எதனால் என்று கேட்டால் இரண்டு பக்கத்திலும் யாருக்கும் தெரியாது.

“உங்க பூட்டன் எழுதினாருன்னே வெச்சுக்குவோம் வெர்னா. அந்தப் பேனா எங்க? இல்ல, காகிதத்துல ஒரு மூலையாவது இருக்கா?” என்றாள் டல்சி. சிலர் சிரித்தார்கள்.

“தேடிக் கொண்டாரேன்” என்றாள் வெர்னா.

“கொண்டா. அதுவரைக்கும் பாதிரியார் இருந்துட்டுப் போகட்டும். செத்த மனுஷன், தொந்தரவு பண்ண மாட்டாரு.”

மறுநாள் வெர்னா பாஸ்கோவைப் பார்க்கப் போனாள். ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், எங்கள் ஊரின் வரலாற்றைப் புத்தகமாக எழுதியவர். கல்லின் வாசகம் அவர் புத்தகத்திலிருந்து எடுத்தது. நல்ல மனிதர்தான். தேநீர் கொடுத்து, பொறுமையாகக் கேட்டுவிட்டு, தான் அதை ஒரு பழைய தேவாலய வெளியீட்டிலிருந்து எடுத்ததாகவும், அதற்கு மேல் தேட அந்தக் காலத்தில் வழியில்லை என்றும் ஒப்புக்கொண்டாராம். ஆனால் வீட்டில் சொன்னார்கள் என்பது போதாது, அந்த நாளிலேயே எழுதப்பட்ட காகிதம் ஒன்றைக் காட்ட வேண்டும், காட்டினால் தானே நகராட்சிக்குப் போய் மாற்றச் சொல்கிறேன் என்றாராம். கல்தச்சன் ஆகஸ்ட் முதல் வாரம் உளி எடுக்கிறான். ஜூலை கடைசிக்குள் வாசகம் முடிவாக வேண்டும். அன்று தேதி ஜூன் இருபது.

வெர்னா கல்லூரிப் பக்கம் போனவள் இல்லை. ஆனால் மருத்துவமனையின் பதிவேட்டு அறையில் இருபத்தாறு ஆண்டாக வேலை. மருத்துவர்களின் கிறுக்கலைப் படிப்பதும், பெயர் தப்பாகப் பதிந்த நோயாளியின் கோப்பைக் கண்டுபிடிப்பதும்தான் அவள் தொழில். ஒரு பெயரைக் கேட்டால் அதை அவசரத்தில் எத்தனை விதமாகத் தப்பாக எழுதலாம் என்று உடனே அவள் மனத்தில் ஓடும். இந்த வேலைக்கு அது பட்டப்படிப்பை விடப் பெரிய படிப்பு என்பது போகப் போகத்தான் எனக்குப் புரிந்தது.

முதலில் பழைய நாளிதழ்களில் தொடங்கினாள். தேசிய நூலகம் நூறு, நூற்றைம்பது ஆண்டுப் பழைய தாள்களைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இணையத்தில் வைத்திருக்கிறது. வீட்டிலிருந்தே யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஜோ டோங்கோவா என்று தட்டினாள். ஒன்றுமில்லை. டோங்கா ஜோ, டங்கோ ஜோ, டாங்கர் என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. மங்கிப்போன அச்சை இயந்திரம் தன்பாட்டுக்கு வாசித்து வைத்திருந்ததால் பாதிச் சொற்கள் உருத்தெரியாமல் கிடந்தன. மனு என்ற சொல்லே நாலு விதமாகச் சிதைந்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் கையை விசைப்பலகை மேல் வைத்தபடி சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். என்ன என்று கேட்டேன்.

“அந்தச் சொல்லப் போட்டாத்தான் கிடைக்கும் போல லெஸ்.”

எந்தச் சொல் என்று நான் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் எங்களை எந்தப் பெயரால் கூப்பிட்டார்களோ அந்தச் சொல். எங்கள் வீடுகளில் யாரும் அதைச் சொல்வதில்லை. பள்ளிக்கூடத்தில் ஒருவன் என்னைப் பார்த்துச் சொன்னதற்காக நான் கைகலந்து ஒரு வாரம் வெளியே நின்றிருக்கிறேன். ஆனால் அந்தத் தாள்களில் எங்களுக்கு வேறு பெயரே கிடையாது. எங்களைத் தேட வேண்டுமானால் அதைத்தான் தட்ட வேண்டும். வெர்னா தட்டினாள். பக்கம் பக்கமாக வந்து கொட்டியது. நீதிமன்றத்தில் நாங்கள், மருத்துவமனையில் நாங்கள், கரும்பு வண்டிக்கு அடியில் செத்த நாங்கள். பெரும்பாலும் பெயரே இல்லாமல். அவள் எழுந்து கொல்லைப்பக்கம் போய் மாமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள். வந்து மறுபடியும் உட்கார்ந்தாள்.

முதல் பிடி அங்கேதான் கிடைத்தது. 1906 ஏப்ரல் கடைசியில் வந்த நான்கு வரிச் செய்தி: ஆற்றுப் பக்கத்துத் தீவு ஆட்கள் அரசருக்கு எழுதிய, ஏப்ரல் இருபத்தொன்றாம் தேதியிட்ட மனு ஒன்று ஆளுநருக்கு அனுப்பப்பட்டிருப்பதாகத் தெரிகிறது. தேதி கிடைத்துவிட்டது. வெர்னா உடனே அந்தத் தேதியில் பாதிரியார் எங்கே என்று தேடினாள். அது எனக்குத் தோன்றியிருக்காது. கப்பல் போக்குவரத்துப் பத்தியில் அவர் கிடைத்தார். மார்ச் மூன்றாம் தேதி, உடல்நலம் கருதி, ஹாஸ்லம் பாதிரியாரும் மனைவியும் சிட்னிக்கு. ஜூன் பன்னிரண்டாம் தேதி அதே பத்தியில் திரும்பி வந்தார்கள்.

“மனு எழுதின அன்னைக்கு மனுஷன் ஊர்லயே இல்ல” என்றாள் வெர்னா. அந்த இரண்டு பத்திகளையும் அச்செடுத்துப் பாஸ்கோவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தாராம். தன் புத்தகத்தில் ஒரு வரி தவறு என்று முப்பது ஆண்டு கழித்துத் தெரிவது சாதாரண விஷயமில்லை. அவர் பென்சிலை எடுத்து அந்தப் பக்கத்தின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். பாதிரியார் இல்லை என்றால் யார், அதற்கு அசல் மனுவைப் பார்க்க வேண்டும், அது லண்டனில்தான் இருக்கும் என்றார்.

லண்டனுக்குப் போக வேண்டியிருக்கவில்லை. குடியேற்ற நாடுகளிலிருந்து லண்டனுக்குப் போன கடிதங்களை எல்லாம் பல ஆண்டுகளுக்கு முன்பே இங்கிருந்து போனவர்கள் மைக்ரோஃபிலிம் சுருள்களில் படமெடுத்து வந்திருக்கிறார்கள். அந்தச் சுருள்களும் இப்போது இணையத்தில் இருக்கின்றன. ஆனால் எல்லாம் கையெழுத்து. பெயரைத் தட்டித் தேட முடியாது. பட்டியலில் இருந்தது ஒரே வரி: குவீன்ஸ்லாந்து ஆளுநரின் கடிதங்கள், 1906 மே முதல் ஆகஸ்ட் வரை. திறந்து பார்த்தால் தொள்ளாயிரத்து நாற்பது படம்.

“இதப் பூராவுமா பாக்கப் போற?”

“நம்ம ஆஸ்பத்திரில ஒரு அலமாரிக்கு இதவிட ஜாஸ்தி” என்றாள்.

வேலைக்குப் போகுமுன் காலையில் முப்பது படம், சனி ஞாயிறில் எண்பது நூறு. நான் அவளுக்குப் பக்கத்தில் தட்டில் வறுத்த மரவள்ளிக் கிழங்கும் தேநீரும் வைத்துவிட்டுப் போவேன். சில நாள் நானும் கூட உட்கார்ந்து பார்த்தேன். ரயில் பாதைகளைப் பற்றி, முத்துக் குளிப்பதைப் பற்றி, எவரோ ஒரு நீதிபதியின் விடுமுறையைப் பற்றி. ஒரு பெரிய சாம்ராஜ்யம் இவ்வளவு சின்னச் சின்ன விஷயங்களை இவ்வளவு அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருந்தது எனக்கு ஆச்சரியம்.

அறுநூற்றுப் பதினோராவது படத்தில் மனு வந்தது. ஜூலை பதிமூன்று, சனிக்கிழமை காலை. வெர்னா என்னைக் கத்திக் கூப்பிடவில்லை. கையை மட்டும் நீட்டினாள். நான் போய்ப் பிடித்துக்கொண்டேன்.

கோடு போட்ட காகிதம், நான்கு பக்கம். எழுத்து சின்னதாக, நிமிர்ந்து, ஒரு அடித்தல் இல்லாமல் இருந்தது. வெர்னா வாய்விட்டுப் படித்தாள். கடவுளின் அருளால் எங்களுக்கும் அரசராகிய உங்களுக்கு என்று தொடங்கியது. நாங்கள் வரும்போது எங்களைக் கேட்கவில்லை. இப்போது போவதையாவது எங்களைக் கேட்டுச் செய்யுங்கள். இந்த மண்ணைக் காடாகப் பார்த்தோம், வயலாக ஆக்கினோம். எங்கள் பிள்ளைகளுக்கு எங்கள் தீவின் பேச்சு தெரியாது, உங்கள் பேச்சுதான் தெரியும். அந்தப் பேச்சிலேயே உங்களைக் கேட்கிறோம்.

வெர்னாவால் அதற்கு மேல் படிக்க முடியவில்லை. மீதியை நான் படித்தேன்.

பிறகு பெயர்கள். இருநூற்றுப் பதினான்கு பேர். ஒவ்வொரு பெயரும் அதே கையெழுத்தில், பெயருக்குப் பக்கத்தில் அந்தந்த ஆள் போட்ட பெருக்கல் குறி. முதல் பெயர் ஜோ. குடும்பப்பெயர் மேல் மை கொட்டியிருந்தது, ‘டோங்’ என்பது மட்டும் தெரிந்தது. அதற்குப் பக்கத்திலும் கோணலாக ஒரு பெருக்கல் குறி.

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. எழுதத் தெரிந்தவன் பெருக்கல் குறி போட மாட்டான்.

வெர்னா அழவில்லை. முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போனாள். அதன் ஓரத்தில் லண்டனில் எவரோ வேறு மையில் எழுதியிருந்தார்கள்: நன்றாக எழுதப்பட்டுள்ளது, உள்ளூர்ப் பாதிரியாரின் வேலையாக இருக்கலாம். அவ்வளவுதான். அந்த ஒரு ‘இருக்கலாம்’தான் எப்படியோ தேவாலய வெளியீட்டில் ஏறி, நூற்றுச் சொச்சம் ஆண்டு எங்கள் ஊரில் வரலாறாக இருந்திருக்கிறது.

“சரி” என்றாள் வெர்னா. “அவரும் இல்ல, நம்ம ஆளும் இல்ல. அப்ப யாரோட கை இது?”

கடைசிப் பெயருக்குக் கீழே, பூச்சியளவு எழுத்தில் இரண்டு முதலெழுத்து இருந்தது. கே, ஓ. அந்தக் கே எழுத்துதான் எங்களுக்கு வழிகாட்டியது. மனுவில் அரசரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஒன்பது இடத்தில் வருகிறது. ஒன்பது இடத்திலும் அந்தக் கே-யின் கீழ்க்கால் நீண்டு, கொக்கி போல் மேலே வளைந்திருந்தது.

வெர்னா அந்தக் கொக்கியைத் தேடிப் போனாள். ஜோவுக்கு எழுதத் தெரியாது என்றால் அவருக்காக எழுதிக் கொடுத்தவர் அவருக்கு வேண்டியவராகத்தான் இருப்பார் என்பது அவள் கணக்கு. வேண்டியவர்கள் கல்யாணத்துக்கு வருவார்கள். 1904இல் நடந்த ஜோவின் கல்யாணத்தின் பதிவேட்டுப் பக்கம், பெண்ணின் பெயரை வைத்துத் தேடியதில், மாநில ஆவணக்காப்பகத்தின் தளத்தில் கிடைத்தது. மாப்பிள்ளை பெயர் வெறும் ஜோ, பக்கத்தில் பெருக்கல் குறி; பெண்ணும் பெருக்கல் குறி. சாட்சி மட்டும் முழுப் பெயரைக் கையெழுத்தாகப் போட்டிருந்தாள். கெசியா ஓபா. கே-யின் கால் கொக்கி போல் வளைந்திருந்தது.

அதற்குப் பிறகு நாளிதழில் அவளைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆனது. 1905 விவசாயக் கண்காட்சியில் கையெழுத்துப் போட்டிக்கான இரண்டாம் பரிசு, ஹாஸ்லம் பாதிரியார் வீட்டில் துணி வெளுக்கும் தீவுப் பெண் கெசியாவுக்கு. முதல் பரிசு ஒரு தோட்ட முதலாளியின் மகளுக்கு. 1908இல் கெசியா ஓபாவின் கல்யாணம். மாப்பிள்ளை பெயரைப் பார்த்ததும் வெர்னா நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

வில்லியம் எப்பி. டல்சியின் பூட்டன்.

நான் அன்றைக்குச் சொன்னதை மறைக்கப் போவதில்லை. பாதிரியார் பெயர் போனால் போதும், ‘தீவு மக்களே எழுதினார்கள்’ என்று போட்டுவிடலாம், அது பொய்யும் இல்லை, டல்சி வாயில் விழவும் வேண்டாம் என்று சொன்னேன். உங்கள் அப்பா இருந்திருந்தால் என்ன நினைப்பார் என்றும் கேட்டேன்.

வெர்னா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

“லண்டன்ல எவனோ ஒருத்தன் நெஜம் தெரியாம ஓரத்துல கிறுக்கினான். அவனுக்காவது தெரியாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சே அவ பேர நான் மூடி வெச்சா, அவனவிட நான் மோசம் இல்லையா?”

இப்படிப்பட்ட ஒருத்திக்குப் புருஷனாக இருப்பது லேசான வேலையில்லை. ஆனால் அன்றைக்கு என் நெஞ்சு நிமிர்ந்ததை நானே உணர்ந்தேன்.

அடுத்த சனிக்கிழமை காலை டல்சி வீட்டுக்குப் போனோம். வாசலில் செம்பருத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவள் குழாயை நிறுத்தவில்லை.

“என்ன, ரெண்டு பேரும் ஜோடியா? பேனா கெடச்சுதா?”

“கெடச்சுது டல்சி. ஆனா எங்களுது இல்ல. உங்களுது.”

டல்சிக்குப் புரியவில்லை. கிண்டல் என்று நினைத்து முகம் கடுத்தது. வெர்னா மடிக்கணினியை அவள் சமையலறை மேசையில் வைத்து எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டினாள். கப்பல் பத்தி, மனு, கல்யாணப் பதிவு, போட்டிச் செய்தி. ஜோவின் பெருக்கல் குறியையும் காட்டினாள், தாண்டிப் போகவில்லை. டல்சி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு எழுந்து உள்ளே போனாள். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. நீலத்துணி சுற்றிய பழைய வேதாகமம் ஒன்றோடு திரும்பி வந்தாள்.

முன்பக்க வெள்ளைத்தாளில் பிறப்பும் ஞானஸ்நானமும் எழுதியிருந்தது. சின்ன எழுத்து, நிமிர்ந்த எழுத்து. ஒரு மகளின் பெயர் கேட். கொக்கி அங்கேயும் இருந்தது.

டல்சி அதன் மேல் விரலை வைத்தாள்.

“எங்க வீட்டுல இவளப் பத்திச் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான் வெர்னா. பாதிரி வீட்டுல துணி தொவச்சவ, நல்லாக் கஞ்சி போடுவாளாம். அவ்வளவுதான் சொன்னாங்க.” மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். “ராஜாவுக்கே எழுதியிருக்கா பாரு.”

வெர்னா அவள் தோளில் கை வைத்தாள். அந்த இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் தொட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கொஞ்ச நேரம் கழித்து டல்சி பழைய டல்சியானாள். வேதாகமத்தை வெர்னா பக்கம் திருப்பி, இதைப் பார் என்றாள். கேட்டின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பன் பெயர் இருந்தது. ஜோ டோங்காரிக்கி.

“உன் பூட்டன் பேரயே தப்பா வெச்சுக்கிட்டுத் தேடிட்டிருக்க. அவரு டோங்கோவா இல்ல. பக்கத்துத் தீவு, டோங்காரிக்கி. எங்க பாட்டி தப்பா எழுத மாட்டா.”

ஒரு மணி நேரத்துக்கு முன் கிடைத்த பாட்டியைப் பற்றி அவள் அதற்குள் அப்படிப் பேசினாள். வெர்னா அந்தப் பெயரை மறுபடி படித்தாள். தன் குடும்பம் வேறொரு தீவைச் சொந்த ஊர் என்று மூன்று தலைமுறை நம்பியிருக்கிறது என்பதை விழுங்கிக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக அந்தப் புதுப் பெயரைத் தட்டினாள். டல்சி நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

நாளிதழில் ஒன்றுமில்லை. ஆனால் 1906இல், எங்கள் ஆட்களை அனுப்பலாமா என்று விசாரிக்க ஒரு குழு ஊர் ஊராகப் போயிருக்கிறது. அதன் அறிக்கை நாடாளுமன்ற ஆவணங்களோடு அச்சாகி, அதுவும் இணையத்தில் இருந்தது. கேள்வி பதில் அப்படியே அச்சிட்டிருந்தார்கள். பெல்மூரில் விசாரித்தவர்களில் பதினேழாவது சாட்சி, ஜோ டோங்காரிக்கி.

டல்சிதான் படித்தாள். மனுவைத் தோட்டம் தோட்டமாக எடுத்துப் போனது நீதானா என்று கேட்டிருக்கிறார்கள். ஆமாம், ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தேன், ஆறு ஞாயிறு. உன்னைப் போகச் சொன்னது யார்? யாரும் சொல்லவில்லை, எனக்குக் கால் இருந்தது. உனக்கு எழுதத் தெரியுமா?

டல்சி அங்கே நிறுத்தி வெர்னாவைப் பார்த்தாள். பிறகு படித்தாள்.

“எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்தவளைத் தெரியும். பேர் கேட்காதீர்கள், அவளுக்கு வேலை போய்விடும்.”

பாதிரியாரின் தேவாலயமோ லண்டன் அதிகாரியோ கெசியாவின் பெயரை மறைக்கவில்லை. மறைத்தவர் ஜோதான், அவளைக் காப்பாற்றுவதற்காக. ஒருவேளை வீட்டில் கேட்டபோதும் நான்தான் எழுதினேன் என்று சொல்லியிருப்பார். அது அப்படியே தங்கிவிட்டிருக்கும். இது என் ஊகம். இதற்கு ஆதாரம் இல்லை என்று வெர்னா எழுதுகிற இடத்தில் எல்லாம் குறிப்பிடுகிறாள்.

திங்கட்கிழமை வெர்னாவும் டல்சியும் சேர்ந்தே பாஸ்கோவிடம் போனார்கள். அவர் எல்லாவற்றையும் படித்து, எழுந்து நின்று இரண்டு பேரிடமும் கைகுலுக்கினார். சொன்னபடி நகராட்சிக்குத் தானே போய், தன் புத்தகத்தில் இருப்பது தவறு என்று எழுதிக் கொடுத்தார். வாசகத்தை மாற்ற ஒரு வாரம் மீதம் இருந்தது. அந்த ஒரு வாரமும் இருவரும் எதிர்ப்பக்கத்துக்காகச் சண்டை போட்டார்கள். ஜோவின் பெயர் முதலில் வர வேண்டும் என்று டல்சி, கெசியாவின் பெயர்தான் முதலில் என்று வெர்னா. கடைசியில் கல்தச்சன் வந்து கேட்டபோது டல்சி விட்டுக்கொடுத்தாள். நான்காவது வரி இப்போது இப்படி இருக்கிறது: கெசியா ஓபா எழுதினார். ஜோ டோங்காரிக்கி சுமந்து சென்றார்.

கல் நட்ட அன்று ஆற்றோரம் கூட்டம் நிறைந்திருந்தது. எழுபது மைல் தள்ளியிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். பேச்சுகள் முடிந்ததும் டல்சி மனுவை முழுவதும் படித்தாள். பிறகு வெர்னா பெயர்களைப் படிக்கத் தொடங்கினாள். அந்தக் குடும்பத்தார் இருந்தால் எழுந்து நிற்கலாம் என்று சொல்லியிருந்தாள். முதலில் ஒருவர் இருவராக எழுந்தார்கள். போகப் போக வரிசை வரிசையாக எழுந்தார்கள். நாற்பத்தேழாவது பெயர் எங்கள் குடும்பத்துப் பெயர் என்று எனக்கு அதுவரை தெரியாது. வேண்டுமென்றே என்னிடம் சொல்லாமல் வைத்திருந்தாள். என் தம்பி என் முதுகில் தட்டினான். நான் எழுந்தேன். ஆலையில் என்னோடு வண்டி ஓட்டுகிறவர்கள் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் தொப்பியைக் கழற்றினான், பிறகு எல்லாரும் கழற்றினார்கள்.

சில பெயர்களுக்கு யாரும் எழவில்லை. அவர்கள் கப்பலேற்றி அனுப்பப்பட்டவர்களாக இருக்கலாம், பிள்ளை இல்லாமல் போனவர்களாகவும் இருக்கலாம். அந்தப் பெயர்களையும் வெர்னா அவசரப்படாமல், மற்றவற்றைப் போலவே தெளிவாகப் படித்தாள். ஒவ்வொன்றுக்கும் பிறகு கொஞ்சம் காத்திருந்தாள்.

அப்படி யாரும் எழாதவை ஐம்பத்திரண்டு பெயர். இப்போது புதன்கிழமை பிற்பகல்களில் நகர நூலகத்தில் இரண்டு கணினிகளுக்கு முன்னால் அவர்கள் இருவரையும் பார்க்கலாம். திரும்பிப் போன கப்பல்களின் பயணிகள் பட்டியலை வெர்னா பார்க்கிறாள், தீவுகளின் தேவாலயப் பதிவேடுகளை டல்சி. இதுவரை ஒன்பது பேர் கிடைத்திருக்கிறார்கள். போன வாரம் ஒன்பதாவது ஆளைக் கண்டுபிடித்தது டல்சி. அதை அவள் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். எங்கள் வீட்டுக்கு மட்டும் இரண்டு தடவை தொலைபேசியில் சொன்னாள்.